சுறாவுக்கு எதுக்குண்ணே ஊசி?

அண்ணே, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறீங்களா? இந்தப் பையை மேல வச்சா பஸ்ஸு வளைவுல திரும்புறப்ப உருண்டுரும். உள்ள பட்டுப்பாவாடை இருக்கு. மூணு வயசுப் புள்ளைக்கு. அளவு சரியா இருக்குமான்னு தெரியல. கடைக்காரன் புள்ளையக் கூட்டிட்டு வாங்கன்னான். எங்கிட்டுக் கூட்டிட்டு வர்றது? போன்ல போட்டோவக் காட்டி, இந்த ஒசரம் இருக்கும்ப்பான்னு கையை வச்சுக் காமிச்சு வாங்கிட்டு வந்தேன்.

தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்துண்ணே. மலைக்கு மேல, கேரளாவுல, ஏலக்கா எஸ்டேட்டுப் பக்கம். நான் தாய்மாமன். ஒரே தாய்மாமன்.

நீங்களும் நம்ம பக்கந்தானே, வழக்கம் தெரியும்ல. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். பெத்த அப்பன் மடி கூட ஆகாது. புள்ள திமிறும், தலையை ஆட்டும், ஊரே கூடுற மாதிரி கத்தும். மாமன்காரன் நெஞ்சோட சேத்து இறுக்கிப் புடிச்சுக்கணும். நான் கபடியில தொடையைப் புடிச்சு ஆளைத் தூக்குறவன். என்னைய விட யாருண்ணே புடிக்க முடியும்?

கூப்பிட்டாங்களான்னா... கூப்பிடல. தாய்மாமனுக்கு எதுக்குப் பத்திரிகை? போய் நின்னா எடம் விட்டுத்தானே ஆகணும். விடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். அதான் கெளம்பிட்டேன்.

என் தங்கச்சி எங்கிட்டப் பேசுறதில்ல. நாகஜோதின்னு பேரு. நான் ஜோதின்னுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டேன், இப்ப எங்க கூப்பிடுறது, நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கா. அந்தப் புள்ள பேரு இனியான்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்க? பெரியப்பா மகன் வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் வச்சிருந்தான், ‘இனியா குட்டிக்குப் பிறந்தநாள்’னு. அதுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். காதுகுத்துத் தேதியும் அவன் ஸ்டேட்டஸ்லதான் பாத்தேன். மாமன்காரன் மருமக பேரைத் தெரிஞ்சுக்கிற லட்சணத்தைப் பாருங்க.

எதுக்காகப் பேசலன்னு கேளுங்கண்ணே. ஒரு கபடி பிளேயருக்காக. சிரிக்காதீங்க.

சுறா மணிமாறன் தெரியும்ல? டிவில பாத்திருப்பீங்க. ரைடு போனார்னா மூணு பேரை இழுத்துக்கிட்டு நடுக்கோட்டைத் தொடுவாரு. சுறான்னு பேரு வச்சதே ரசிகருங்கதான். அவரு ஓடிப் போற தினுசு அப்படி. மொதத் தடவை தொட்டவொடனேயே எதிராளி கண்ணு கலங்கிரும். ஒருதடவை பாத்துக்கங்க, நாலு பேரு மேல விழுந்து அமுக்குறாங்க, இவரு அடியில கெடக்காரு, கபடி கபடின்னு சத்தம் மட்டும் நிக்கல... சரி, அது எதுக்கு இப்ப.

நான் தேனிக்குத் தெக்க கருங்கல்பட்டி. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். பேரு சுருளிவேல். ஆனா அது பொழப்புக்கு. என்னைய யாருன்னு கேட்டா கருங்கல்பட்டி கபடிக் குழுச் செயலாளர்னுதான் சொல்லுவாங்க. அந்தக் கொரோனா ரெண்டாவது அலை ஓஞ்ச சமயம், நாங்க மண்ணுத் தரையை விட்டு ரப்பர் மேட் வாங்கிப் போட்டோம். நம்ம சுத்துவட்டாரத்துல மொத மேட்டு. தெறக்குறதுக்கு சுறாவே வர்றேன்னுட்டாரு. சம்பளம் ஒண்ணும் கேக்கல. அப்ப அவரு எர்ணாகுளத்துல பயிற்சி முகாம்ல இருந்தாரு. மலையேறி எறங்குனா எங்க ஊரு.

ஆனா செக்போஸ்ட்டுல சட்டம். கேரளாவுலருந்து வந்தா ரெண்டு ஊசி போட்ட சர்டிபிகேட் காட்டணும். இல்லேன்னா மூக்குல குச்சி விட்டு எடுக்கிற டெஸ்ட்டு. ரெண்டுல ஒண்ணு இல்லாம ஒரு ஈ காக்கா எறங்க முடியாது.

சுறா ஊசி போடல. போட மாட்டாரு. பேட்டியிலயே சொன்னாரு, என் ஒடம்புதான் எனக்குச் சாமி, அதுல வெளிச் சாமான் ஏத்த மாட்டேன்னு. குச்சியும் விட ஒத்துக்கல. நாங்க என்ன நெனைச்சோம்னா, நியாயம்தானேன்னு நெனைச்சோம். நீங்களே சொல்லுங்கண்ணே. கொரோனா எங்க போய் அடிக்குது? மூச்சுல. கபடிக்காரன் பொழப்பே மூச்சுதான். மூச்சைக் கட்டுறவனை மூச்சு நோவு என்ன பண்ணும்? இப்பவும் கேக்குறேன், நாட்டுக்காக விளையாடுறவனுக்குச் சட்டத்துல கொஞ்சம் வெலக்குக் குடுத்தா என்ன கொறைஞ்சு போகுது? கோயில்ல சாமி பாக்கவே பெரிய மனுசனுக்குத் தனி வழி விடுறோம்ல?

இல்லைன்னு தலையை ஆட்டுறீங்க. பரவால்ல.

ஜோதியை இந்த மலைக்கு மேலதான் குடுத்தோம். மாப்ள கனிராசு, எஸ்டேட்டுல ஜீப் ஓட்டுறாரு. தங்கமான மனுசன். தமிழ்க் குடும்பந்தான், ஆனா ரேஷன் கார்டு கேரளா. கல்யாணம் ஆன வருசமே கொரோனா. உண்டாயிருந்தா. வளைகாப்பையே போன்ல பாத்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அம்மா தெனமும் அரிச்சு எடுத்துருச்சு. ஒரல்ல இடிச்சு மருந்தெல்லாம் போட்டு வச்சிருச்சு. அவளுக்கும் ஊசி இல்ல. டெஸ்ட் எடுத்தா ரிசல்ட்டு எஸ்டேட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அதோட கெடு முடிஞ்சிரும்.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எங்க குழுவுக்குப் புரவலர் ஒருத்தரு இருந்தாரு, கட்சியில கொஞ்சம் செல்வாக்கு. அவரு மேலிடத்துல சொன்னா செக்போஸ்ட்டுல விட்டுருவாங்க. சுறா வர்ற அன்னைக்கே ஜோதியையும் வரச் சொல்லிட்டா, ரெண்டு காரியமும் ஒரே போன்ல முடிஞ்சிரும்ல? புத்திசாலித்தனமா செஞ்சேன்ணே. ஜோதிகிட்ட, நீ கெளம்பி வா தாயி, அண்ணன் எல்லாம் சொல்லி வச்சிட்டேன்னேன். ‘உண்மையா விட்டுருவாங்களாண்ணே?’ன்னு ரெண்டு தடவை கேட்டா. உங்க அண்ணன் வாக்குன்னேன்.

இந்தா, இந்த வளைவைத் தாண்டுனா செக்போஸ்ட்டு வரும். இப்ப ஒண்ணும் கெடையாது, பாருங்களேன். அன்னைக்கு இங்க பந்தல், ரோட்டுக்குக் குறுக்க கயிறு, மேசை, போலீசு, சுகாதாரத் துறை ஆளுங்க. இந்தப் பக்கம் நாங்க. கொட்டு, பட்டாசு, சுறா படம் போட்ட பேனர். யூடியூப்காரன் ஒருத்தன் லைவ் போட்டுக்கிட்டு இருந்தான். எங்க அம்மாவும் வந்திருச்சு, கையில ஆரத்தித் தட்டோட. மக மொதமொதல்ல வயித்துப் புள்ளையோட வீட்டுக்கு வர்றாள்ல.

மொதல்ல வந்தது ஜீப்புதான். அதைச் சொல்லிரணும். மாப்ள எறங்கி அந்தப் பக்கக் கயித்துக்குப் பின்னாடி நின்னாரு. ஜோதி உள்ளயே உக்காந்திருந்தா. எட்டு மாசம் முடியப் போகுது, மலை வளைவுல வந்த அலுப்பு, மூஞ்சி வெளுத்திருந்துச்சு. என்னையப் பாத்ததும் சிரிச்சா. கையைக் காட்டுனா.

நான் போய்ச் சொல்லுறதுக்குள்ள வெள்ளைக் கார் வந்து நின்னுருச்சு. சுறா.

மேசையில ஒரு சுகாதாரத்துறையம்மா. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. எங்க புரவலர் பேரைச் சொன்னேன். அந்தம்மா சொல்லுச்சு, ‘ஆமா, போன் வந்துச்சு. ஒரு வண்டிக்குத்தான் சொன்னாங்க. எந்த வண்டி?’ன்னு.

ரெண்டு வண்டிங்கம்மான்னேன். ‘ஒண்ணுன்னுதான் எனக்குச் சொன்னாங்க. அதுவே தப்பு. எந்த வண்டின்னு சொல்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க’ன்னு குரலை ஒசத்துச்சு.

புரவலருக்குப் போன் அடிச்சேன். எடுக்கல. கூட்டத்துல இருந்திருப்பாரு. கொட்டு அடிக்கிறான். பசங்க சுறா சுறான்னு கத்துறானுங்க. லைவ் ஓடுது. சுறா கார் கண்ணாடியை எறக்கி, வாட்ச்சைப் பாக்குறாரு. அந்தம்மா பேனாவை வச்சுக்கிட்டு என்னையவே பாக்குது. ஒரு நிமிசம் கூட இருக்காதுண்ணே. யோசிக்க விட்டாத்தானே? ஜோதி நம்ம வீட்டுப் புள்ள, கொஞ்சம் பொறுத்துக்குவா. வந்த விருந்தாளியை வெயில்ல நிக்க வைக்க முடியுமா? நம்ம வீட்டு ஆளுங்கதானே எப்பவும் பொறுத்துக்கிறது?

வெள்ளைக் காரைக் காட்டுனேன்.

கயித்தை அவுத்தாங்க. சுறா எறங்குனாரு, நான்தான் மொத மாலை போட்டேன். அப்புறம் யாரோ, அம்மா ஆரத்தி எடுங்க, ஆரத்தி எடுங்கன்னு கத்துனாங்க. அம்மா என்னையப் பாத்துச்சு. நான், எடும்மா, சும்மா எடுன்னேன். லைவ் போய்க்கிட்டு இருக்குல்ல? மகளுக்குன்னு கரைச்சுக் கொண்டாந்த தண்ணியை அந்தாளுக்குச் சுத்திப் பொட்டு வச்சிருச்சு. வீடியோ இன்னும் யூடியூப்ல கெடக்கு. அம்மா அவரைப் பாக்கவே இல்ல, கயித்துக்கு அங்கிட்டுப் பாத்துக்கிட்டே சுத்துது. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அதுல ஒரு எடத்துல ஜீப்பும் தெரியும். நான் அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே நிப்பாட்டிருவேன்.

ஜோதிகிட்டப் போய்ச் சொல்லலையான்னு கேக்குறீங்க. சொன்னேன்ணே! மாப்ளைக்குச் சத்தம் போட்டுச் சொன்னேன், இவரைக் கொண்டு போய் விட்டுட்டு, புரவலரைக் கையோட கூட்டிட்டு வந்துர்றேன்னு. வரணும்னுதான் நெனைச்சேன். ஊருக்குள்ள ஊர்வலம், மேட் தெறப்பு, அவரு ரெண்டு ரைடு ஆடிக் காட்டுனாரு, என்னையவே ஒரு தடவை தொட்டுட்டுப் போனாரு. செல்பி. சாப்பாடு. போனைச் சட்டையோட கழட்டி வச்சிருந்தேன். பொழுது சாயத்தான் எடுத்துப் பாக்குறேன், அவ பேரா வரிசையா நிக்குது. கடைசியில மாப்ள பேரு.

மாப்ள ஒண்ணும் திட்டல. ‘வலி வந்துருச்சு மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கோம்’னாரு. அவ்வளவுதான். மத்தியானம் பூரா கயித்துக்கு அங்கிட்டு வெயில்ல இருந்துட்டுத் திரும்பியிருக்காங்க. போற வழியில, வளைவுல வலி. மாசம் நெறையாத புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்களாம். உள்ளங்கையில அடங்குற மாதிரி இருந்துச்சாம். நான் பாக்கல. பக்கத்துல பொம்பளைத் தொணைன்னு யாருமில்ல. கனிராசுதான் வாசல்ல நின்னு நர்சுங்க கேக்குற துணியைக் கடை கடையா ஓடி வாங்கிக் குடுத்திருக்காரு.

புள்ள பொழைச்சிருச்சு. நல்லா இருக்கு. போட்டோவுல பாத்தேனே, கொழுகொழுன்னு. அப்புறம் என்ன?

அம்மாவை உடனே அனுப்பிச்சிருக்கலாம்ல, அதானே கேக்க வர்றீங்க. அனுப்பத்தான் இருந்தேன். அதுக்குள்ள அம்மாவுக்குக் காய்ச்சல். எங்க டீம்லயும் பாதிப் பேரு படுத்துட்டானுங்க. அது சீசன் காய்ச்சல்ணே, அந்த மழைக்கு வர்றதுதான். யாரும் பெருசா டெஸ்ட்டெல்லாம் எடுக்கல. அம்மாவை மட்டும் தேனி ஆஸ்பத்திரியில சேத்தோம், ஆக்சிஜன் வைக்கிற மாதிரி ஆயிருச்சு. அதுக்குச் சர்க்கரை இருக்குல்ல. டாக்டரு கேட்டாரு, ‘வெளியூர் ஆளு யார்கூடயாவது பக்கத்துல இருந்தாங்களா?’ன்னு. இல்ல சார்னுட்டேன். சுறா பேரை எதுக்கு இழுக்கணும்?

அம்மா தப்பிச்சு வந்துச்சு. ஆனா நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. நடக்க முடிஞ்ச கையோட ரெண்டு சேலையை மடிச்சு வச்சுக்கிட்டு, என்னைய மகக்கிட்டக் கொண்டு போய் விடுன்னுச்சு. அதுக்குள்ள செக்போஸ்ட்டுல கெடுபிடி தளந்துருச்சு. அடிவாரம் வரைக்கும் வண்டியில கொண்டாந்து விட்டேன். மாப்ள ஜீப்புல வந்து ஏத்திக்கிட்டாரு. திரும்பி வர்றேன்னு சொல்லும்னு பாத்தேன். சொல்லல. இப்ப அங்கதான் இருக்கு. நான் கடையிலயே ஆக்கித் தின்னுக்கிட்டு கெடக்கேன். யாராச்சும் என்னைய நெனைச்சுப் பாத்தாங்களா?

அவளுக்கும் ஊசி இல்லன்னப்ப நீங்க வேற ஒண்ணு கேட்டீங்களே. ஜோதி ஏன் ஊசி போடலன்னு. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

அவ போட்டுக்கிறேன்னுதாண்ணே சொன்னா. கர்ப்பிணிங்களும் போட்டுக்கலாம்னு எஸ்டேட் ஆஸ்பத்திரியில வீடு வீடா வந்து கூப்பிட்டிருக்காங்க. மாப்ளையும் சரின்னுட்டாரு. அவ எனக்குப் போன் போட்டா. எதுன்னாலும் எங்கிட்டக் கேட்டுத்தான் செய்வா, சின்னப்புள்ளையிலருந்து. அப்பா இல்லாத வீடு, நான்தான் அவளுக்கு எல்லாம். ‘போட்டுக்கவாண்ணே?’ன்னா. நான்தான் வேணாம்னேன். எங்க சுறாவே போடல, உனக்கெதுக்கு தாயி ஊசின்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவளும் சிரிச்சா. சுறாவும் நானும் ஒண்ணாண்ணேன்னு கேட்டா. கேட்டுட்டு, போடாம விட்டுட்டா.

போட்டிருந்தா யார் போனும் வேண்டியதில்ல. சர்டிபிகேட்டை நீட்டிட்டு ராணி மாதிரி எறங்கி வந்திருப்பா.

அதுக்கப்புறம் அந்தாளு என்ன பண்ணாரு தெரியுமாண்ணே? துபாய்ல ஒரு போட்டி. ஊசி போடாத ஆளை ஏத்த மாட்டேன்னுட்டாங்க. சுறாவாவது, திமிங்கலமாவது. ஒரு வாரம் வீறாப்பா இருந்துட்டு, போய்ப் போட்டுக்கிட்டாரு. கையைச் சுருட்டி விட்டு நர்சு பக்கத்துல சிரிச்ச மாதிரி போட்டோ. ‘ரசிகர்களே, நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்’னு கீழ எழுதியிருந்தாரு. நான் பாத்தவொடனே பழக்கதோசத்துல லைக் போட்டுட்டேன். அப்புறம் கடையை இழுத்து மூடிட்டு உள்ள உக்காந்திருந்தேன். என்னென்னமோ தோணுச்சு. அவரு மேல கோவம் வரும்னு பாத்தேன், வரல. அவரா வந்து எந்தங்கச்சியை நிக்க வைக்கச் சொன்னாரு? ஜீப்புக்குள்ள யாரு இருந்தான்னே அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். என் கையைப் பாத்தாலே எனக்கு அருவருப்பா இருந்துச்சுண்ணே.

அண்ணே, ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். என் நம்பர்லருந்து போகாது. ஒரே ஒரு வார்த்தை. வந்துக்கிட்டு இருக்கேன், உனக்காக இல்ல, புள்ளைக்காக, இந்த ஒருதடவை மட்டும் மடியில வச்சுக்கிறேன், அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிர்றேன். இந்த ஒருதடவை எனக்காக விட்டுக் குடுன்னு கேக்குறேன். தாய்மாமனுக்கு இது கூட இல்லையா?

ரிங் போகுது.

ஹலோ... ஜோ... யாரு? யாரு பேசுறது? ஏ தங்கம், பாப்பாவா? இனியாவா? நான்... நான் மாமாடா தங்கம்.

மாமாதான்டா.

ஓ. சரிடா. சரி. இல்லடா, அம்மாக்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மாதான் அடிச்சேன். நீ போய் வெளையாடு.

இந்தாங்கண்ணே போன். நல்லாப் பேசுது. குரலு அப்படியே ஜோதி குரலு.

மாமான்னு சொன்னேன்ல. ‘மாமா இங்கதான இருக்காங்க’ங்குது. பக்கத்துல ஒரு ஆளு சிரிக்கிற சத்தம் கேக்குது. கனிராசுக்குப் பெரியம்மா மகன் ஒருத்தன் இருக்கான், அவனாத்தான் இருக்கும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில வந்து ரத்தம் குடுத்தவன். புள்ளைக்கு அவன்தான் மாமா. சித்தப்பன் மொறைதான் ஆகணும், மாமான்னு பழக்கியிருக்காங்க. அந்தப் புள்ள பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது.

கேக்கலாம்னுதான் வந்தேன். சண்டை போட்டாவது கேக்கலாம்னு வந்தேன். நான்தாண்டா தாய்மாமன், எந்திரின்னு. இப்ப என்னத்தைக் கேக்குறது?

என்ன, திரும்பிப் போறதான்னா? இல்லண்ணே. அடுத்த ஸ்டாப்புதான் எறங்கணும். போறேன். பந்தியில கடைசியா உக்காந்து சாப்பிடுறதுக்கு யாரு சிபாரிசும் வேண்டாம்ல? இந்தப் பாவாடையை அம்மா கையில குடுத்துட்டு, கூட்டத்துக்குப் பின்னாடி நின்னுக்கிறேன். முன்னாடி ஆளுங்க மறைப்பாங்க, ஒண்ணும் தெரியாது. பரவால்ல. புள்ள அழுவுற சத்தமாவது கேக்கும்.